புதிய திட்டமிடல் முறைக்கு மாறும் பிரதேச சபை: வரைபடத்தில் இல்லாத லயங்களை என்ன செய்வது?

மலைச்சாரல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இலங்கையின் நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச சபை (உள்ளூராட்சி மன்றம்) ஒன்றுக்கு, 2025 மே 6 ஆம் திகதி நடைபெற்ற தேர்தலில் முதன்முறையாகத் தெரிவானவன் நான். சபையின் பெயரை இங்கே குறிப்பிடாமல் விடுகின்றேன். நான் கேட்கப்போவது எங்கள் சபைக்கு மட்டும் உரிய கேள்வி அன்று.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஒரு பிரேரணை வரவிருக்கின்றது. இதுவரை எங்கள் சபையில் கடைவீதிப் பகுதி மட்டுமே நகர அபிவிருத்திப் பிரதேசமாக, அதாவது நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் வரும் பகுதியாக, இருந்து வந்துள்ளது. ஏனைய இடங்களுக்கான கட்டட விண்ணப்பங்கள் பழைய கட்டளைச் சட்டத்தின் கீழ்க் காகிதக் கோவைகளாக மேசை மேசையாக நகர்கின்றன. இனிச் சபையின் எல்லை முழுவதையும் நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்துமாறு கோருவது, விண்ணப்பங்களைக் கணினி வழியாகப் பெற்று முடிவு வரை தொடர்வது, சபையின் நான்காண்டுத் திட்டத்தை எண்ணிம வரைபடம் ஒன்றின் மீது தயாரிப்பது ஆகிய மூன்றையும் ஒருமித்துச் செய்வதே அந்தப் பிரேரணையின் நோக்கம்.

மாற்றம் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. 2023 மார்ச் மாதத்தில் முன்னைய சபைகளின் பதவிக்காலம் முடிந்த பின்னர், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமலேயே நிர்வாகம் நடந்தது; அக்காலத்தில் தேங்கிய கோவைகளில் எது எங்கே இருக்கின்றது என்பதைக் கண்டுபிடிப்பதே எங்களுக்கு முதல் ஆறு மாத வேலையாகிவிட்டது. ஆனால், இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் செய்யலாமா, எதை முதலில் செய்தால் மக்களுக்குக் கெடுதி நேராது என்பதை அனுபவம் உள்ளவர்களிடம் கேட்டறிய விரும்புகின்றேன். எங்கள் வாக்காளர்களில் பெரும்பகுதியினர் தேயிலைத் தோட்டங்களில், லயங்கள் எனப்படும் வரிசை அறைக் குடியிருப்புகளில் வாழ்பவர்கள் என்பதையும் சொல்லிவிடுகின்றேன்.

பழைய தொழில்நுட்ப உத்தியோகத்தர் எழுதியது:

தம்பி, நான் மத்திய மாகாணத்துச் சபைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். சட்டப் பின்னணியை முதலில் தெளிவாக்கிக்கொண்டால் மற்றவை எளிதாகும்.

நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்படாத இடங்களில், 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும் பிரதேச சபையின் துணை விதிகளும்தான் கட்டட அனுமதிக்கு அடிப்படை. அந்தச் சட்டம் கட்டடத்தைப் பார்க்கின்றது: சுவர், சாளரம், கூரை, வீதிக் கோடு, மலசலகூடம். நிலத்தை முழுமையாகப் பார்த்து, இந்தச் சரிவில் என்ன வரலாம், எது வரக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லும் ஏற்பாடு அதில் மிகவும் குறைவு. 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் 1982 இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் வேறு வழியில் செல்கின்றன. அமைச்சர் வர்த்தமானி மூலம் ஒரு பிரதேசத்தைப் பிரகடனப்படுத்துகின்றார். அதற்கு ஓர் அபிவிருத்தித் திட்டம் தயாரிக்கப்படுகின்றது. பொதுமக்கள் பார்வையிட்டு ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் வழங்கப்படுகின்றது. அதன் பின்னர் எந்த அபிவிருத்தி வேலைக்கும் அனுமதிப்பத்திரம் தேவை. கட்டி முடித்ததும் இணக்கச் சான்றிதழ் பெறாமல் குடியேறக் கூடாது. விவரமான விதிமுறைகள் 2021 ஜூலையில் புதிதாக வர்த்தமானியில் வெளியாகின.

பிரகடனம் வந்தால் அதிகாரமெல்லாம் கொழும்புக்குப் போய்விடும் என்று பலர் அஞ்சுகின்றார்கள். அது பாதி உண்மை. சாதாரண வீட்டு விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அதிகாரம் பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றத்துக்கே பகிர்ந்தளிக்கப்படுகின்றது. தவிசாளர் தலைமையில் திட்டமிடல் குழு கூடி முடிவெடுக்கின்றது. ஆனால், அந்தக் குழு எதன்படி முடிவெடுக்க வேண்டும் என்பதைச் சொல்லும் அபிவிருத்தித் திட்டத்தை வரைவது அதிகார சபை. ஆகவே, வரையும் காலத்தில் சபை மௌனமாக இருந்துவிட்டுப் பின்னர் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் முட்டி மோதுவதில் பயனில்லை.

கணினியைப் பற்றி ஒன்று சொல்கின்றேன். என் காலத்தில் ஒரு விண்ணப்பம் தாமதமாவதற்குக் காகிதம் காரணமாக இருந்ததைவிட, அது போய்த் திரும்ப வேண்டிய இடங்கள் காரணமாக இருந்ததே அதிகம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வீதி அபிவிருத்தி அதிகார சபை, மின்சார சபை, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடிதம் செல்லும். 2011 முதல் மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை இல்லாமல் அனுமதி வழங்க முடியாது. அது மிக நல்ல ஏற்பாடு. ஆயினும், கடிதம் அனுப்பிய திகதியையும் பதில் வந்த திகதியையும் ஒரே பக்கத்தில் பதிந்த சபைகளை நான் அரிதாகவே கண்டிருக்கின்றேன். அந்த ஒரு பதிவேட்டை ஒழுங்காக வைத்தாலே தாமதத்தின் பெரும்பகுதி வெளிச்சத்துக்கு வந்துவிடும்; அதற்கு மென்பொருள் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

கடைவீதி எழுதியது:

நான் நகரில் கடை நடத்துகின்றேன். மேல்மாடி ஒன்று கட்டுவதற்குச் சபையில் விண்ணப்பித்து, என் கோவை எந்த மேசையில் இருக்கின்றது என்பதை அறியவே மாதக்கணக்காக அலைந்தேன். எனவே, இந்தப் பிரேரணையை நான் முழுமனதோடு வரவேற்கின்றேன். எல்லாவற்றையும் ஆராய்ந்து முடித்த பின்னர்தான் தொடங்குவோம் என்றால், அடுத்த தேர்தலும் வந்துவிடும். கருமபீடம் ஒன்று, இலக்கம் ஒன்று, பதில் தர வேண்டிய நாள் ஒன்று என்று நகரப் பகுதியிலாவது உடனே தொடங்குங்கள். சபைக்கு வரியும் கட்டணமும் செலுத்துபவர்கள் நாங்கள். எங்கள் சிரமத்தையும் கணக்கில் எடுங்கள்.

கொழுந்துக்கூடை எழுதியது:

நான் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியையாக இருக்கின்றேன். பிறந்ததும் இன்று வாழ்வதும் லயத்தில்தான். கடைவீதி அண்ணனின் சிரமம் உண்மையானது. ஆனால், அவருக்குத் தேடுவதற்கு ஒரு கோவையாவது இருந்தது. எங்களுக்கு அது கூட இல்லை என்பதைச் சொல்லவே எழுதுகின்றேன்.

என் தம்பி திருமணம் முடித்தபோது, 10க்கு 12 அடிக் காம்பரா ஒன்றில் இரண்டு குடும்பம் இருக்க முடியாது என்பதால், இஸ்தோப்பை (முன் திண்ணையை) அடைத்து ஓர் அறை எடுத்து, பக்கத்தில் சாய்ப்பு இறக்கிக் குசினி வைக்க நினைத்தோம். முறைப்படி செய்வோம் என்று சபை அலுவலகத்துக்குப் போனோம். காணி உறுதி இருக்கின்றதா என்று கேட்டார்கள். இல்லை என்றோம். நில அளவைப் படம் இருக்கின்றதா என்று கேட்டார்கள். அதுவும் இல்லை. தோட்ட நிர்வாகத்தின் கடிதம் கொண்டு வாருங்கள் என்றார்கள். தோட்டக் காரியாலயத்தில், நிலம் அரசாங்கத்தினுடையது, நாங்கள் குத்தகைக்கு நடத்துகின்றோம், இப்படிக் கடிதம் தர எங்களுக்கு அதிகாரமில்லை என்றார்கள். மூன்று மாதம் அலைந்த பின்னர் என் தம்பி அனுமதி இல்லாமலேயே கட்டினான். எங்கள் லயத்தில் அப்படிக் கட்டாத வீடு இன்று ஒன்று கூட இல்லை.

இப்பொழுது நான் கேட்பது இதைத்தான். சபையின் எல்லை முழுவதையும் பிரகடனப்படுத்தினால், அனுமதிப்பத்திரம் இல்லாத ஒவ்வொரு குசினியும் ஒரே நாளில் சட்டவிரோதக் கட்டடமாகிவிடாதா? விண்ணப்பிக்க விரும்பினாலும் விண்ணப்பிக்க வழியில்லாத மக்கள் மீது விண்ணப்பிக்கவில்லை என்ற குற்றம் சுமத்தப்படாதா? 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவைக் காரணம் காட்டி, தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவிட முடியாது என்று எங்கள் பெற்றோருக்கு எத்தனை ஆண்டுகள் சொல்லப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். வாக்குக் கேட்க வரும்போது தோட்டம் சபைக்குள் இருந்தது. பாதை போடக் கேட்டால் தோட்டம் சபைக்கு வெளியே இருந்தது. 2018 இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. திருத்தப்பட்ட பிறகு எங்களைத் தேடி வரும் முதல் காரியம் அபராத அறிவித்தலாக இருக்கக் கூடாது.

இன்னொன்று. எங்களுக்கு வீட்டு இலக்கமோ வீதிப் பெயரோ இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. கணினி விண்ணப்பத்தில் முகவரி என்ற கட்டத்தில் நாங்கள் எதை எழுதுவது?

அளவுச்சங்கிலி எழுதியது:

நில அளவையும் வரைபடமும் என் தொழில். ஆசிரியை எழுப்பிய கடைசிக் கேள்விதான் இந்த முழு மாற்றத்துக்கும் அத்திவாரம் என்று எண்ணுகின்றேன். சற்று விரிவாகவே எழுதுகின்றேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிம வரைபடத்தின் மீது திட்டமிடுவது என்றால், திரையில் ஓர் அழகான படம் தோன்றுவது என்று பலர் எண்ணுகின்றார்கள். உண்மையில் அது ஒரு பதிவேடு. ஒவ்வொரு காணித்துண்டுக்கும், ஒவ்வொரு கட்டடத்துக்கும், ஒவ்வொரு பாதைக்கும் ஓர் இலக்கமும் ஓர் இடமும் இருந்தால்தான் அந்தப் பதிவேட்டில் அனுமதியையும் வரியையும் நீர்க்குழாயையும் மண்சரிவு அபாயத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க முடியும். நகரப் பகுதியில் மதிப்பீட்டு வரி இலக்கம் இருப்பதால் அங்கே வேலை விரைவாக முடியும். தோட்டப் பகுதியில் சபை அறவிடுவது ஏக்கர் வரி. அது காணியின் பரப்பைக் கணக்கிடுகின்றதே தவிர அதன் மீது எத்தனை குடும்பம் வாழ்கின்றது என்பதைக் கேட்பதில்லை. ஆகவே, சபையின் தற்போதைய பதிவேடுகளை அப்படியே கணினியில் ஏற்றினால், ஆயிரக்கணக்கான மக்கள் வாழும் ஒரு தோட்டம் ஒரே ஒரு பச்சை நிறத் துண்டாகத் தோன்றும். அதன் மேல் தயாரிக்கப்படும் நான்காண்டுத் திட்டம் எந்தப் பக்கம் சாயும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். வேண்டுமென்றே யாரும் அநீதி செய்ய வேண்டியதில்லை. பதிவேட்டில் ஆள் இல்லாத இடத்துக்கு எந்தத் திட்டமும் பாதை போடாது.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மண்சரிவு அபாய வலய வரைபடங்கள் 1:50,000 அளவிலும் 1:10,000 அளவிலும் தயாரிக்கப்பட்டுள்ளன. புதிய தனிவீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் வழங்கப்பட்டது. பின்னைய கட்டத்தில் அது 10 பேர்ச்சஸாக உயர்ந்தது. 7 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். சதுரமாக எடுத்தால் ஒரு பக்கம் 13 மீற்றரைச் சற்றுத் தாண்டும். 1:10,000 வரைபடத்தில் அது 1.3 மில்லிமீற்றர். 1:50,000 வரைபடத்தில் கால் மில்லிமீற்றர், அதாவது எல்லைக்கோட்டின் தடிப்புக்குள் முழு வீடும் மறைந்துவிடும். எனவே, வரைபடத்தில் மஞ்சளா சிவப்பா என்று பார்த்து ஒரு வீட்டுக்கு அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் அந்த வரைபடத்தால் தாங்க முடியாத சுமையை அதன் மீது ஏற்றுவதாகும். வரைபடம் எங்கே நேரில் சென்று பார்க்க வேண்டும் என்று காட்டும். முடிவை நேரில் பார்த்தவர் சொல்ல வேண்டும். மென்பொருள் தானாகவே விண்ணப்பத்தை நிராகரிக்கும்படி அமைக்காதீர்கள்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. தோட்டங்கள் வரைபடம் இல்லாத இடங்கள் அல்ல. ஒவ்வொரு தோட்டக் காரியாலயத்திலும் மலைகளின் (தேயிலை நிலப் பிரிவுகளின்) இலக்கத்தோடு கூடிய படம் தொங்கும். எட்டாம் நம்பர் மலை, பன்னிரண்டாம் நம்பர் மலை என்று கொழுந்தெடுப்பவர்கள் தினமும் சொல்வது அந்தப் படத்தின் இலக்கங்களைத்தான். பழைய படங்கள் பல, ஓர் அங்குலத்துக்கு 8 செயின் போன்ற அளவுகளில், 66 அடிச் சங்கிலியால் அளந்து வரையப்பட்டவை. அவற்றை நகலெடுத்து, எஸ்.எல்.டி. 99 என்னும் தேசிய ஆள்கூற்று முறைக்குப் பொருத்தி, செய்மதிப் படத்தின் மேல் வைத்தால், லயங்கள், பாதைகள், கான்கள் (வடிகால்கள்), பீலிகள் (ஊற்று நீர் பிடிக்கும் இடங்கள்) ஆகியவற்றின் முதல் வரைவைச் சில மாதங்களில் பெற்றுவிடலாம். இதற்கு இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் மென்பொருளே போதும். சபை விலை கொடுத்து வாங்கும் முறைமை எதுவாக இருந்தாலும், தரவு சபையின் சொத்தாக, வேறொரு மென்பொருளில் திறக்கக்கூடிய வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். விநியோகித்தவர் போன பின்னர் திறக்க முடியாத தரவுத்தளத்தை வைத்துக்கொண்டு தவித்த ஓர் அலுவலகத்தை நான் நேரில் கண்டிருக்கின்றேன்.

ஊவாச் சரிவு எழுதியது:

நான் பதுளை மாவட்டத்தைச் சேர்ந்தவன். மீரியபெத்தையிலிருந்து அதிக தூரமில்லை.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும் நேரத்தில், அந்தத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, அதை நிறைவேற்றும் கடமை யாருடையது என்பது தெளிவாக இருக்கவில்லை. தோட்டமா, பிரதேச செயலகமா, பிரதேச சபையா, அமைச்சா என்று ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டக்கூடிய நிலை இருந்தது. மாற்றுக் காணி இல்லாமல் வெளியேறு என்று சொன்னால் மக்கள் எங்கே போவார்கள்?

எங்களை இன்றும் வருத்துவது இன்னொரு விடயம். எத்தனை பேர் புதையுண்டார்கள் என்பதே நாட்கணக்காகத் தெளிவாகவில்லை. முதலில் நூற்றுக்கணக்கில் சொன்னார்கள். பிறகு எண்ணிக்கை மாறிக்கொண்டே வந்தது. எந்தக் காம்பராவில் யார் இருந்தார் என்பதை ஒரு பொதுப் பதிவேட்டில் பார்த்துச் சொல்ல முடியவில்லை. தப்பியவர்கள் தம் அயலவரின் பெயர்களை நினைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். அளவுச்சங்கிலி சொல்லும் அந்த முதல் வரைவு, அந்த நாளில் எங்களிடம் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கின்றேன்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தை உலுக்கியபோதும், 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 இல் எச்சரிக்கை, 150 இல் வெளியேற்றம் என்ற வரம்புகள் நடைமுறையில் இருந்தன. ஆனால், வெளியேறு என்று அறிவித்தால் எந்த லயத்துக்கு, எந்தப் பாதையால், எந்தக் கட்டடத்துக்கு என்பதை ஊர் மட்டத்தில் எழுதி வைத்திருந்தால்தான் அந்த வரம்புக்குப் பொருள் உண்டு. அபிவிருத்தித் திட்டம் என்பதில் புதிய கட்டடங்கள் மட்டும் இடம்பெற்றால் போதாது. ஏற்கனவே ஆபத்தில் இருக்கும் வீடுகளை எங்கே கொண்டுபோவது என்பதற்கான காணியும் அந்த வரைபடத்தில் ஒதுக்கப்பட வேண்டும். மலையகத்தில் பாதுகாப்பான சமதரை மிகக் குறைவு. அதை முதலில் விடுதிகளுக்கும் வாகனத் தரிப்பிடங்களுக்கும் கொடுத்துவிட்டால், பிறகு மக்களுக்குச் சரிவுதான் மிஞ்சும்.

கடைவீதி எழுதியது:

நான் முன்பு எழுதியதில் ஒரு திருத்தம் செய்கின்றேன். வரி செலுத்துபவர்கள் நாங்கள் என்று எழுதியது சரியன்று. என் கடையில் பொருள் வாங்குபவர்களில் பெரும்பாலோர் தோட்ட மக்கள், என் வரியும் அவர்களின் சம்பளத்திலிருந்து வருவதே. ஆனாலும் என் கருத்தின் மறுபாதியை விட்டுக்கொடுக்க மாட்டேன். தோட்டப் பதிவேடு முடியும் வரை நகரத்து விண்ணப்பங்களும் பழைய முறையிலேயே கிடக்கட்டும் என்றால், இரண்டும் நடக்காமல் போகும். நகரம் ஏற்கனவே பிரகடனப்படுத்தப்பட்ட பிரதேசம்தானே? அங்கே கணினி முறையை உடனே தொடங்க எந்தத் தடையும் இல்லை.

பழைய தொழில்நுட்ப உத்தியோகத்தர் எழுதியது:

கடைவீதி சொல்வது நியாயம். மூன்று காரியங்களையும் ஒரே பிரேரணையில் கட்டியதுதான் சிக்கல். பிரகடனத்துக்கும் கணினிக்கும் சட்ட ரீதியாக எந்தத் தொடர்பும் இல்லை. விண்ணப்பங்களைக் கணினியில் தொடர்வதை நாளைக்கே ஆரம்பிக்கலாம். வரைபடத்தை இணையாகத் தயாரிக்கலாம். முழு எல்லையையும் பிரகடனப்படுத்தக் கோரும் கடிதத்தை மட்டும், கையில் வரைபடம் வந்த பின்னர் அனுப்புங்கள். வரைபடம் இல்லாமல் அனுப்பினால், மேலிருந்து வரும் வலயப் பிரிப்பில் தோட்டம் முழுவதும் விவசாய வலயம் என்று ஒரே நிறத்தில் வந்து நிற்கும். அதற்குள் இருக்கும் குடியிருப்புகளைப் பின்னர் ஒவ்வொன்றாக மீட்பது பெரும்பாடு. லயத் தொகுதிகளையும் புதிய வீடமைப்புக் கிராமங்களையும் குடியிருப்பு வலயமாகக் குறிக்குமாறு சபையே எல்லைகளோடு எழுதிக் கொடுத்தால், அதைப் புறக்கணிப்பது எவருக்கும் எளிதன்று.

ஆசிரியை கேட்ட கேள்விக்கு வருகின்றேன். அம்மா, உங்கள் தம்பியின் விண்ணப்பத்தை ஏற்க மறுத்த கருமபீடத்தில் இருந்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். உறுதியும் அளவைப் படமும் கேட்க வேண்டும் என்றுதான் எங்களுக்கும் கற்பிக்கப்பட்டது. 1970களின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டக் காணிகள் அரசுடைமையாகின. 1992 இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குச் சென்றது. நிலம் ஒருவருடையது, நிர்வாகம் மற்றொருவருடையது, வாழ்பவர் மூன்றாமவர். உரிமையாளர்தான் விண்ணப்பதாரர் என்று எண்ணி எழுதப்பட்ட படிவத்தில் இந்த மூன்றாமவருக்கு இடமில்லை. காணி உரிமையை வழங்க ஒரு பிரதேச சபையால் முடியாது. அது தேசிய அரசாங்கத்தின் கடமை. அந்தக் கடமை நிறைவேறும் வரை சபை கைகட்டி இருக்க வேண்டுமா என்றால், இல்லை. ஏற்கனவே உள்ள லயங்களையும் இணைப்புக் கட்டடங்களையும் உள்ளது உள்ளபடி ஒரு திகதியிட்டுப் பதிவு செய்யலாம். அந்தப் பதிவு உரிமையையும் தராது, அனுமதியும் ஆகாது. ஆனால், பிரகடனத்துக்கு முன்பே இருந்த கட்டடம் என்பதற்கு அது சான்று. பிற்காலத்தில் எவரும் அதைப் புதிய சட்டவிரோதக் கட்டடம் என்று கூறினால் காட்டுவதற்கு ஒரு காகிதமாவது இருக்கும்.

புதிய வீட்டுத் திட்டங்களுக்கு, 2018 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டத்தால் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபை அமைக்கப்பட்டது. அவ்வாறு அமையும் கிராமங்களின் பாதையும் வடிகாலும் குப்பை அகற்றலும் இறுதியில் சபையின் பொறுப்பில்தான் வந்து விழும். எனவே, தளம் தெரிவு செய்யும் கட்டத்திலேயே சபையின் தொழில்நுட்பப் பிரிவு அமர்ந்திருக்க வேண்டும். வீடு கட்டி முடிந்து நாடா வெட்டும் நாளில் அழைப்பிதழ் பெறுவதில் பயனில்லை.

கொழுந்துக்கூடை எழுதியது:

ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. திகதியிட்ட பதிவு என்பது எங்களுக்கு மிகப் பெரிய ஆறுதல். ஒரு வேண்டுகோள்: அந்தப் பதிவேடும் விண்ணப்பப் படிவமும் ஆட்சேப அறிவித்தலும் தமிழில் இருக்க வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் அப்போதிருந்த 5 பிரதேச செயலாளர் பிரிவுகளும் பதுளை மாவட்டத்தின் 7 பிரிவுகளும் 1999 இலேயே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. அப்படியிருந்தும், மண்சரிவு பற்றிய அறிக்கை ஒன்று எனக்கு விளங்காத மொழியில் எங்கள் தோட்டத்துக்கு வந்து, அதை வாசித்துச் சொல்ல ஆள் தேடிய அனுபவம் எனக்கு உண்டு. ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் தருகின்றார்கள் என்றால், அந்த அவகாசத்தில் பாதி மொழிபெயர்ப்புக்கே போய்விடக் கூடாது. வரைபடத்தைச் சபைக் கட்டடத்தில் மட்டும் வைத்தாலும் போதாது. கொழுந்து நிறுத்து முடிந்து வீடு திரும்பும் பெண்கள் ஒரு நாள் சம்பளத்தை இழந்து நகரத்துக்கு வந்து பார்க்க மாட்டார்கள். பிள்ளைப் பராமரிப்பு நிலையத்திலோ கோயில் மண்டபத்திலோ ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள்.

அளவுச்சங்கிலி எழுதியது:

இதை முற்றாக ஆதரிக்கின்றேன். அனுபவத்தில் ஒன்று சொல்வேன்: பெரிய வரைபடத்தைத் தரையில் விரித்தால், முதலில் தம் வீட்டைத் தேடுவார்கள், கண்டதும் அடுத்ததாகக் கானும் பீலியும் எங்கே தவறாக இருக்கின்றன என்று சொல்வார்கள். எந்த மழைக்கு எந்தக் கான் நிரம்பும், எந்த வருடம் எந்த இடத்தில் நிலம் வெடித்தது, எங்கே ஊற்று திடீரென்று வற்றியது அல்லது புதிதாகக் கிளம்பியது என்பதெல்லாம் அவர்களிடம்தான் உண்டு. நிலவெடிப்பும் ஊற்று மாறுவதும் மரம் சாய்வதும் சரிவு அசையத் தொடங்கியதற்கான முதல் அறிகுறிகள். அவற்றை வேறொரு அடுக்காகக் குறித்து, கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

மலைச்சாரல் எழுதியது:

எல்லோருக்கும் என் நன்றி. உங்கள் பதில்களை அச்சிட்டு, தவிசாளரோடும் செயலாளரோடும் அமர்ந்து வாசித்தேன். பிரேரணையைப் பிரித்துவிட்டோம். நகரப் பகுதி விண்ணப்பங்களைக் கணினியில் தொடர்வதும், வெளியே அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தின் திகதியையும் பதிவதும் அடுத்த மாதம் தொடங்கும். முழு எல்லைக்கான பிரகடனக் கோரிக்கையை, தோட்ட வரைபடத்தின் முதல் வரைவு சபையில் சமர்ப்பிக்கப்படும் வரை ஒத்திவைக்கின்றோம். சபையின் குழுக்களில் உறுப்பினர் அல்லாத பிரதேசவாசிகளையும் சேர்த்துக்கொள்ளப் பிரதேச சபைகள் சட்டம் இடமளிப்பதால், தொழில்நுட்பச் சேவைகள் குழுவில் தோட்டக் குடியிருப்புகளைச் சேர்ந்த இருவரையாவது, அவர்களில் ஒருவர் பெண்ணாக, நியமிக்குமாறு தனிப் பிரேரணை கொண்டுவருகின்றேன்.

எல்லாம் இணக்கமாக முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டக் காரியாலயப் படங்களின் நகலைத் தருமாறு எழுதியதற்கு இரண்டு தோட்டங்கள் சம்மதித்தன, ஒன்று மறுத்துவிட்டது. 2018 இல் பழைய பெரிய சபைகள் பிரிக்கப்பட்டு, நுவரெலியாவிலிருந்து கொட்டகலையும் அக்கரப்பத்தனையும், அம்பகமுவவிலிருந்து மஸ்கெலியாவும் நோர்வூட்டும் தனிச் சபைகளாகின அல்லவா. அவ்வாறு பிரிந்த அயற்சபை ஒன்றின் உறுப்பினர், எல்லையோரத் தோட்டம் ஒன்று இரண்டு சபைகளின் பதிவேட்டிலும் இல்லை என்று சொல்கின்றார். அதையும் பார்க்க வேண்டியிருக்கின்றது.

முதல் தோட்டமாக, சம்மதித்த இரண்டில் சரிவு அதிகமுள்ளதைத் தெரிவு செய்துள்ளோம். பதிவேட்டில் டிவிசன் (தோட்டப் பிரிவு) பெயர், லய இலக்கம், காம்பரா இலக்கம், குடும்பங்களின் எண்ணிக்கை, இணைப்புக் கட்டடம், அருகிலுள்ள கான், நிலவெடிப்பு என்ற நிரல்களை வைத்திருக்கின்றேன். ஏதாவது விடுபட்டிருந்தால் சொல்லுங்கள்.

கொழுந்துக்கூடை எழுதியது:

இரண்டு விடுபட்டிருக்கின்றன. நடக்க இயலாதவர்கள் எந்தக் காம்பராவில் இருக்கின்றார்கள் என்பதற்கு ஒரு நிரல் வேண்டும். இரவில் வெளியேறச் சொன்னால் முதலில் அவர்களைத்தான் தூக்க வேண்டும். மற்றது, லய இலக்கத்தோடு மக்கள் அழைக்கும் பெயரையும் எழுதுங்கள். பணிய லயம், பீலிக்கரை லயம், இஸ்டோர் லயம் என்றுதான் எங்களுக்குள் வழங்குகின்றது. காரியாலயத்து இலக்கம் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. தொலைபேசியில் உதவி கேட்கும்போது அவர்கள் சொல்லப்போவது அந்தப் பெயரைத்தான்.